வைட்டமின் மாத்திரையால் எடை குறையுமா?

எடைக் குறைப்புக்கென்று விற்கும் சத்து மாத்திரை டப்பாக்களில் "வளர்சிதை மாற்றத்துக்கு உதவுகிறது" என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அது பொய்யில்லை. பி வைட்டமின்கள் இல்லாமல் உடலால் மாவுச்சத்தையோ கொழுப்பையோ ஆற்றலாக மாற்ற முடியாது. ஆனால் படிப்பவர் மனத்தில் பதிவது வேறு: "இதைச் சாப்பிட்டால் கொழுப்பு சீக்கிரம் கரையும்." சட்டப்படி குற்றம் சொல்ல முடியாத ஒரு வரி, சொல்லாத ஒன்றை நம்ப வைத்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், எடை குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மருத்துவர்களே வைட்டமின் மாத்திரை எழுதித் தருகிறார்கள். உடல் பருமன் உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாக இருக்கிறது என்ற செய்தியும் வருகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர், மாத்திரைக்கும் எடைக்கும் ஏதோ தொடர்பு இருக்கத்தான் வேண்டும் என்று நினைப்பது இயல்பு. தொடர்பு இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நாம் நினைக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில்.

எரிபொருள் வேறு, சத்து வேறு

நாம் சாப்பிடுவதில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றும் கிராம் கணக்கில் உள்ளே போகின்றன. உடலுக்கு ஆற்றல் தருபவை இவைதான். கலோரி என்று பேச்சு வழக்கில் சொல்வது (கணக்கில் அது கிலோகலோரி) இந்த ஆற்றலின் அளவு. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு 4 கலோரி.

வைட்டமின்கள் மொத்தம் 13. ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. சி வைட்டமினும் பி குடும்பத்தின் எட்டும் நீரில் கரைபவை. இரும்பு, கால்சியம், அயோடின், துத்தநாகம், மக்னீசியம் போன்றவை தாதுக்கள். இவை எதிலும் கலோரி கிடையாது. தேவைப்படும் அளவும் மிகச் சிறியது. பி12 ஒரு நாளைக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்.

அப்புறம் எடைக் கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பில் இருக்கிறது. அது குறைய வேண்டுமென்றால், உள்ளே வருவதைவிட வெளியே செலவாவது அவ்வளவுக்குக் கூட வேண்டும். ஆகவே எந்த மாத்திரையும் எடையைக் குறைக்க மூன்று வழிகள்தான் உண்டு:

1. பசியைக் குறைத்து, சாப்பிடும் அளவைக் குறைக்க வேண்டும்.
2. சாப்பிட்டது குடலில் உறிஞ்சப்படாமல் தடுக்க வேண்டும்.
3. உடல் செலவழிக்கும் ஆற்றலைக் கூட்ட வேண்டும்.

எடைக்கு நல்லது என்று யாராவது ஒரு சத்தைச் சொன்னால், இந்த மூன்றில் எதைச் செய்கிறது என்று கேட்பது நல்லது. விளம்பரங்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் சொல்லும்.

"கொழுப்பை எரிக்கும்" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு வேதிவினையையும் நடத்துவது ஒரு நொதி. பல நொதிகளுக்குத் தனியாக வேலை செய்ய முடியாது. துணைநொதி என்ற சிறிய துணைவன் வேண்டும். பி வைட்டமின்களின் முக்கிய வேலையே துணைநொதி ஆவதுதான். பி1, பி2, பி3, பி5 இந்த நான்கும் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழியில் வெவ்வேறு இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன.

தறியை நினைத்துப் பாருங்கள். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா இல்லாவிட்டால் நெசவு நின்றுவிடும். அதற்காக ஒரே தறிக்குப் பத்து நாடா வாங்கி வைத்தால் துணி பத்து மடங்கு வந்துவிடாது. நொதிகளுக்குத் தேவையான துணைநொதி கிடைத்த பிறகு மேற்கொண்டு வரும் வைட்டமினுக்கு அங்கே வேலை இல்லை. நீரில் கரைவதாக இருந்தால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். பி2 அடங்கிய மாத்திரை சாப்பிட்டவர்களின் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவது இதனால்தான்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. செல்லுக்குள் எவ்வளவு எரிய வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆற்றலின் தேவை. தசை வேலை செய்தால், உடல் சூட்டைக் காக்க வேண்டியிருந்தால், தைராய்டு இயக்குநீர் (ஹார்மோன்) தூண்டினால் எரிப்பு கூடும். தேவை கூடாமல் கருவிகளை மட்டும் கூட்டினால் எதுவும் கூடாது. எடைக் குறைப்பு என்ற பெயரில் போடப்படும் பி12 ஊசிகள் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகின்றன. ரத்த செல்கள் உருவாகவும் நரம்புகளைக் காக்கவும் பி12 கட்டாயம் தேவை. அது குறைவாக உள்ளவருக்கு அந்த ஊசி பெரிய உதவி. குறைபாடு இல்லாத ஒருவரின் எடையை அது குறைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது.

குறைபாடு இருந்தால் கதை வேறா?

ஓரளவுக்கு வேறுதான். இரும்புச்சத்து குறைந்து ரத்தசோகை வந்தவருக்குப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். குறையைச் சரிசெய்தால் நடக்கவும் வேலை செய்யவும் தெம்பு வரும். அந்தத் தெம்பை அவர் நடையில் செலவழித்தால் எடைக்கு நல்லது. அதை "இரும்பு மாத்திரை எடையைக் குறைத்தது" என்று சொல்ல முடியாது.

உடல் பருமனே இரும்புக் குறைவுக்கு ஒரு காரணமாகவும் ஆகிறது. கொழுப்புத் திசு கூடும்போது உடலில் மெல்லிய, நீடித்த அழற்சி உண்டாகிறது. அது கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடின் என்ற இயக்குநீரைக் கூட்டுகிறது. ஹெப்சிடின் கூடினால் குடல் இரும்பை உறிஞ்சுவது குறையும். வயிறு நிறையச் சாப்பிடுபவருக்கும் சத்துக்குறைவு வரலாம் என்பதை நம்ப மறுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அயோடினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தைராய்டு இயக்குநீர் செய்ய அயோடின் வேண்டும். தைராய்டு குறைந்தால் எடை கூடும். எனவே அயோடின் சாப்பிட்டால் எடை குறையும் என்று ஒரு சங்கிலி போடுகிறார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முடிவு மட்டும் தவறு. தைராய்டு குறைவால் கூடும் எடை பொதுவாக 2 முதல் 5 கிலோவுக்குள்தான் இருக்கும்; அதிலும் கணிசமான பங்கு உப்பும் நீரும். வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். அதற்கு மிக அதிகமாகச் சாப்பிட்டால், ஏற்கெனவே பலவீனமான தைராய்டு உள்ளவருக்கு அது மேலும் மந்தமாகலாம், சிலருக்கு அளவுமீறிச் சுரக்கவும் செய்யலாம். எடைக்காக அயோடின் மாத்திரை எடுப்பது வேண்டாத வேலை.

வைட்டமின் டி: எது காரணம், எது விளைவு?

அதிகம் குழப்பியது இதுதான். எடை கூடியவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. "டி குறைந்ததால் எடை கூடியது, டி கொடுத்தால் எடை குறையும்" என்று பலரும் முடிவு கட்டினார்கள். ஆனால் இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்பட்டால், எது எதற்குக் காரணம் என்பது அதிலிருந்தே தெரியாது.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்பு அதிகமாக இருந்தால் அது அங்கெல்லாம் பரவித் தங்கிவிடும்; ரத்தத்தில் குறைவாகத் தெரியும். ஒரே அளவு உப்பைச் சின்னப் பாத்திரத்திலும் பெரிய அண்டாவிலும் கரைப்பது போல.

இதைச் சோதிக்க 2013-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 42,000 பேர் வரையிலான மரபணுத் தகவல்களைப் பயன்படுத்தியது. எடை கூடுவதற்குச் சாதகமான மரபணுக்கள் சிலருக்குப் பிறப்பிலேயே வாய்க்கின்றன. வேறு சிலருக்கு வைட்டமின் டி குறைவாக இருக்கச் செய்யும் மரபணுக்கள் வாய்க்கின்றன. இதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, பழக்கவழக்கங்களும் இதை மாற்றுவதில்லை. முதல் வகை மரபணு உள்ளவர்களிடம் வைட்டமின் டி குறைவாகவே இருந்தது. இரண்டாவது வகை உள்ளவர்களிடம் எடை கூடியிருக்கவில்லை. அதாவது எடை டி-யைக் குறைக்கிறது. டி எடையைக் கூட்டுவதாகத் தெரியவில்லை.

நேரடிச் சோதனையும் நடந்திருக்கிறது. 2014-ல் முடிவு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற, எடை கூடிய 218 பெண்கள் ஒரு வருடம் உணவுக் கட்டுப்பாட்டிலும் உடற்பயிற்சியிலும் இருந்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 2,000 அலகு வைட்டமின் டி. மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, அதாவது பார்க்க அசல் போலவே இருந்து உள்ளே மருந்து இல்லாதது. இரு குழுவும் சராசரியாக 7 கிலோவுக்குச் சற்று மேல் குறைத்தன. டி சாப்பிட்டவர்கள் கூடுதலாக எதையும் இழக்கவில்லை. மாத்திரைக் குழுவிலேயே, ரத்தத்தில் டி நன்றாக உயர்ந்தவர்கள் அதிகம் இளைத்திருந்தார்கள் என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் கொழுப்பு குறைந்தாலே ரத்தத்தில் டி உயரும் என்பதை மறக்கக் கூடாது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர் உணவுக் கட்டுப்பாட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்திருப்பார் என்பதும் உண்டு.

எலும்புக்காகவோ, குறைபாடு உறுதியானதாலோ டி எடுப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். எடைக்காக என்றால் காரணம் இல்லை.

கால்சியம்: நல்ல கருதுகோள், சின்ன விளைவு

2000-ஆம் ஆண்டை ஒட்டி, பால் பொருள்கள் அதிகம் சாப்பிடுபவர்கள் ஒல்லியாக இருக்கிறார்கள் என்ற கணிப்பு பேசப்பட்டது. அதற்கு விளக்கமும் சொன்னார்கள்: கால்சியம் குறைந்தால் கொழுப்புச் செல்கள் கொழுப்பைச் சேமிக்கும் பக்கம் சாயும், குடலில் கால்சியம் கொழுப்போடு சேர்ந்து சோப்பு போலாகி, கொஞ்சம் கொழுப்பை மலத்தில் வெளியேற்றும். இரண்டாவது விளக்கம் உண்மையில் நடப்பதுதான். கேள்வி, எவ்வளவு என்பது.

2009-ல் வெளியான ஆய்வில் எடை கூடிய 340 பேர் இரண்டு வருடம் தினமும் 1,500 மில்லிகிராம் கால்சியமோ வெற்று மாத்திரையோ சாப்பிட்டார்கள். எடையில் வித்தியாசம் இல்லை. இன்னும் பெரியது, மாதவிடாய் நின்ற 36,282 பெண்களைச் சராசரியாக 7 வருடம் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு. தினமும் 1,000 மில்லிகிராம் கால்சியத்தோடு 400 அலகு வைட்டமின் டி சாப்பிட்ட குழுவுக்கும் மற்றவர்களுக்கும் இடையே எடை வித்தியாசம் 0.13 கிலோ. அதாவது 130 கிராம். ஒரு தம்ளர் தண்ணீர்கூட அதைவிடக் கனம்.

புள்ளிவிவரக் கணக்கில் அந்த 130 கிராம் தற்செயலாக வந்ததில்லை என்று சொல்லலாம். இத்தனை ஆயிரம் பேரை ஆராய்ந்தால் மிகச் சிறிய விளைவும் அப்படிப் பிடிபடும். "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைப் பார்த்ததும் எவ்வளவு, எத்தனை நாளில் என்று கேட்க வேண்டியது இதனால்தான்.

குரோமியம்: ஆசை காட்டிய உலோகம்

1950களின் இறுதியில் எலிகளிடம் நடந்த ஆராய்ச்சியில், குரோமியம் இன்சுலினின் வேலைக்கு உதவுவதாகத் தோன்றியது. இன்சுலின் சர்க்கரையையும் கொழுப்பையும் கையாளும் இயக்குநீர். எனவே குரோமியம் கொழுப்பைக் குறைத்துத் தசையைக் கூட்டும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. 1990களில் குரோமியம் பிக்கோலினேட் மாத்திரைகள் அமோகமாக விற்றன. அந்த விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க வணிகக் கண்காணிப்பு ஆணையம் 1996-லேயே நடவடிக்கை எடுத்தது.

2013-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 9 ஆய்வுகளை, மொத்தம் 622 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. குரோமியம் சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரைக் குழுவைவிடச் சராசரியாக 1.1 கிலோ கூடுதலாக இளைத்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் சிறியவை, குறுகிய காலத்தவை, தரம் குறைந்தவை. உறுதியான முடிவு எடுக்க நம்பகமான ஆதாரம் இல்லை என்பதே அந்தத் தொகுப்பின் தீர்ப்பு. அடுத்த வருடம் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஆரோக்கியமானவர்கள் குரோமியத்தைக் கூடுதலாகச் சாப்பிடுவதால் நன்மை என்பதற்கு ஆதாரம் இல்லை, எனவே தினசரித் தேவை என்று ஓர் அளவு குறிப்பதே பொருத்தமில்லை என்றது.

எல்லாம் கலந்த மாத்திரை

பல வைட்டமின்களும் தாதுக்களும் சேர்ந்த பல்சத்து மாத்திரையைப் பற்றிய சான்று ஒரே பக்கம் சாயவில்லை. 2010-ல் வெளியான சீன ஆய்வில், பருமனான 96 பெண்களில் இதை 26 வாரம் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்தது. 2008-ல் வெளியான கனடா ஆய்வில், 15 வார உணவுக் கட்டுப்பாட்டின்போது எடையில் வித்தியாசம் இல்லை; பெண்கள் மட்டும் பசி குறைந்ததாகச் சொன்னார்கள். ஏற்கெனவே சத்துக்குறைவில் இருந்தவர்களுக்குப் பலன் கிடைத்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். இவ்வளவு சிறிய ஆய்வுகளை வைத்து எல்லாரும் வாங்குங்கள் என்று சொல்வது நியாயமில்லை. துத்தநாகம், மக்னீசியம், வைட்டமின் சி பற்றியெல்லாம் தனித்தனியாகச் சொல்லும் அளவுக்குப் பலமான சான்று எடை விஷயத்தில் இல்லை.

அப்படியானால் சிலருக்கு ஏன் பலித்தது?

"எனக்குக் குறைந்ததே" என்பவர்கள் பொய் சொல்லவில்லை. காரணங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன.

1. மாத்திரை தொடங்கும் நாளில் பெரும்பாலும் வேறு பலவும் தொடங்குகின்றன. இனிப்பு நிற்கிறது, நடை ஆரம்பமாகிறது. பெயர் மட்டும் மாத்திரைக்குப் போகிறது.
2. முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் நீர். கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பை வைத்திருக்கின்றன; அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் நீர் ஒட்டியிருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் இரண்டும் சேர்ந்து போகின்றன. பழையபடி சாப்பிட்டால் இரண்டும் திரும்பிவிடும்.
3. மக்னீசியமோ வைட்டமின் சி-யோ அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். எடைக் கருவியில் எண் இறங்கும். கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.
4. டப்பாவில் எழுதாத மருந்து உள்ளே இருக்கலாம். இதுதான் பயப்பட வேண்டியது. பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் என்ற மருந்து, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து காரணமாக 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. ஆனால் 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கலப்படம் என்று பட்டியலிட்ட 776 சத்துத் துணைப்பொருள்களில் ஏறத்தாழ 40 சதவீதம் எடைக் குறைப்புக்கானவை. அவற்றில் மிக அதிகமாகக் கிடைத்தது இந்த சிபுட்ரமின்தான். ஒரு "இயற்கைச் சத்து மாத்திரை" ஆச்சரியப்படும் வேகத்தில் வேலை செய்தால், மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும்.

இதற்கு நேர்மாறான நம்பிக்கையும் பரவலாக உண்டு: வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் உடம்பு போடும் என்பது. கலோரியே இல்லாத ஒன்று நேரடியாக எடையைக் கூட்ட முடியாது. ஆனால் பி1 போன்றவை மிகவும் குறைந்தால் பசி செத்துவிடும். குறையைச் சரிசெய்தால் பசி திரும்பும். நோயிலிருந்து எழுந்தவர்களுக்கு இப்படி நடப்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை இது.

அதிகம் சாப்பிட்டால்?

ஏ வைட்டமின் மிகுந்தால் கல்லீரல் பாதிக்கும். கர்ப்பிணிக்கு என்றால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரலாம். டி மிகுந்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பி6 நீரில் கரைவதுதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. நீண்டகாலம் அதிகமாகச் சாப்பிட்டால் கை கால் மரத்துப்போகும் நரம்புக் கோளாறு வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பி6-க்கான பாதுகாப்பான உச்ச அளவை நாளொன்றுக்கு 12 மில்லிகிராமாகக் குறைத்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் இதை எளிதில் தாண்டிவிடுவார்கள்.

பி குடும்பத்தைச் சேர்ந்த பயோட்டின் தனி ரகம். உடலுக்குப் பெரிய கெடுதல் செய்யாது, ஆனால் ரத்தப் பரிசோதனையை ஏமாற்றும். தினசரித் தேவை 30 மைக்ரோகிராம். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். அந்த அளவில் சில தைராய்டு பரிசோதனைகள் இல்லாத நோயைக் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் அளவைச் சில கருவிகள் குறைத்துக் காட்டும். அப்படி ஒரு தவறான முடிவைத் தொடர்ந்து ஒருவர் இறந்ததை 2017-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கையாகவே வெளியிட்டது. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது என்னென்ன சத்து மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எடை குறைப்பவருக்கு எப்போது மாத்திரை வேண்டும்?

தொடக்கத்தில் சொன்ன எதிர்த் திசை இதுதான். மாத்திரை எடையைக் குறைப்பதில்லை. எடையைக் குறைக்கும் சில வழிகள் மாத்திரையைத் தேவையாக்கிவிடுகின்றன.

1. மிகக் குறைந்த கலோரி உணவு. நாளுக்கு 800 கலோரிக்குள் சாப்பிட்டால் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாலும் எல்லாச் சத்தும் கிடைக்காது. 1977-78 வாக்கில் அமெரிக்காவில் திரவப் புரதத்தை மட்டும் குடித்து இளைக்க முயன்றவர்களில் ஏறத்தாழ 60 பேர் இறந்தார்கள். பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறானது. புரதத்தின் மட்டமான தரத்தோடு பொட்டாசியம், மக்னீசியம் போன்ற தாதுக்களின் குறைவும் காரணமாகப் பேசப்பட்டது. இத்தகைய உணவுமுறை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டும்.
2. ஆர்லிஸ்டாட் மருந்து. இது உணவிலுள்ள கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தை உறிஞ்சவிடாமல் தடுக்கும். கொழுப்போடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் போய்விடும். அதனால் பல்சத்து மாத்திரையை அந்த மருந்தோடு சேர்க்காமல் குறைந்தது 2 மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்வார்கள்.
3. பசியை வெகுவாகக் குறைக்கும் செமாகுளூடைடு போன்ற ஊசிகள். உணவின் அளவே சுருங்கிவிடுவதால் சத்தும் சுருங்குகிறது. என்ன தேவை என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.
4. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தை நீண்டகாலம் சாப்பிடுபவர்கள். பி12 உறிஞ்சப்படுவது குறையும். அவ்வப்போது அளவைப் பார்ப்பது நல்லது.
5. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை. இரைப்பை சுருங்கி, சில முறைகளில் சிறுகுடலின் ஒரு பகுதியும் விலக்கப்படுவதால், இரும்பு, பி12, கால்சியம், டி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் எடுக்க வேண்டிவரும். நன்றாக இருக்கிறேனே என்று இரண்டு வருடம் கழித்து நிறுத்துபவர்களுக்குத்தான் ஆபத்து; பி12 இருப்பு மெல்ல மெல்லத் தீர்ந்து, நரம்பு பாதித்த பிறகே வெளியே தெரியும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் பி1 நிலைமை இன்னும் அவசரம். உடலில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். தாமதித்தால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போகலாம். அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னாலோ, அதோடு சேர்த்தோ பி1 ஊசி போட வேண்டும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்திருப்பதையும் எத்தனை நாளாக வாந்தி என்பதையும் உடன் இருப்பவர் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.